ஷூ லேஸ் கட்ட முடியாத மனிதரும் 46 பவுண்டும்

1862ஆம் ஆண்டு. லண்டன் மாநகரில் 65 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். வசதியான குடும்பம், நல்ல தொழில், ஊரில் மரியாதை. எல்லாம் இருந்தும் அவருக்கு ஒரு கஷ்டம். மாடிப்படியில் இருந்து எல்லோரையும் போல இறங்க முடியாது. திரும்பி நின்று, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்குவார். நேராக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் உடம்பின் பாரத்தைத் தாங்காது. குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொள்ளவும் முடியாது.

அவர் பெயர் வில்லியம் பான்டிங். இன்றைக்கு உலகம் முழுக்க "டயட்ல இருக்கேன்" என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் இவர் ஒரு வகையில் தாத்தா முறை!

பான்டிங்கின் உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. இன்றைய காலத்தில் இது அப்படி ஒன்றும் பயங்கரமான எண் இல்லை. ஆனால் அன்றைய லண்டனில் அவர் தெருவில் நடந்தால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பொது வண்டியில் ஏறினால் கிண்டல் பேசுவார்கள். அதனாலேயே கூட்டம் கூடும் இடங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். உடம்பு வலியை விட இந்த ஏளனம்தான் அவரை அதிகம் வாட்டியது போலத் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவருடைய குடும்பத் தொழில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்து கொடுப்பது. சாதாரண ஆட்களுக்கு அல்ல, அரச குடும்பத்துக்கு! 1820இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், 1852இல் வாட்டர்லூ புகழ் வெலிங்டன் பிரபு, 1861இல் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் என்று பெரிய பெரிய இறுதி ஊர்வலங்கள் எல்லாம் பான்டிங் குடும்ப நிறுவனத்தின் கைவண்ணம்தான். கடை இருந்தது செயின்ட் ஜேம்ஸ் தெருவில். அதே தெருவில் பெர்ரி என்ற ஒயின் கடை ஒன்று உண்டு. அங்கே காபி மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் வாடிக்கையாளர்களை உட்கார வைத்து எடை பார்த்து, 1765 முதல் நோட்டில் எழுதி வைத்தார்கள். கவிஞர் பைரன் கூட அங்கே எடை பார்த்திருக்கிறார். குண்டாகி விடுவோமோ என்ற பயத்தில் பிஸ்கட்டும் சோடா தண்ணீரும், வினிகரில் ஊறிய உருளைக்கிழங்குமாகப் பட்டினி கிடந்து தன்னையே வதைத்துக்கொண்டவர் அவர். "சீக்கிரம் இளைக்க வேண்டும்" என்ற வெறி நேற்று முளைத்தது அல்ல என்பதற்காகச் சொன்னது.

சரி, பான்டிங்குக்கு வருவோம்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. முப்பது சொச்சம் வயதில் உடம்பு போடத் தொடங்கியதும், தெரிந்த மருத்துவர் ஒருவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். பான்டிங் தினமும் விடியற்காலையில் கனமான படகு ஒன்றைத் தேம்ஸ் நதியில் மணிக்கணக்கில் துடுப்புப் போட்டார். கைகால்களுக்கு நல்ல பலம் வந்தது. கூடவே அகோரப் பசியும் வந்தது! பசிக்குச் சாப்பிட்டார், எடை ஏறியது. மருத்துவர் படகை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பிறகு குதிரைச் சவாரி. பிறகு லெமிங்டன், செல்டன்ஹாம், ஹாரோகேட் என்று ஊர் ஊராகப் போய் ஊற்று நீர் குடித்தல். பிறகு மருந்துகள். பிறகு துருக்கிக் குளியல் எனப்படும் நீராவிக் குளியல். பல தடவை போட்டுப் பார்த்தார். குறைந்தது வெறும் 6 பவுண்டு. இந்த அலைச்சல் மொத்தம் சுமார் முப்பது வருடம்!

கடைசியில் வழி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். 1862 ஆகஸ்டில் காது சரியாகக் கேட்கவில்லை என்று மருத்துவரைத் தேடிப் போனார். வழக்கமாகப் பார்க்கும் காது மருத்துவர் விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். அதனால் வில்லியம் ஹார்வி என்ற வேறொரு அறுவை மருத்துவரிடம் போனார். (இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி இல்லை. அவர் 200 வருடம் முந்தையவர். பெயர் மட்டும் ஒன்று.)

இந்த ஹார்வி 1856இல் பாரிஸ் போயிருந்தபோது, கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்ற கிளாட் பெர்னாரின் ஆராய்ச்சி பற்றிய விவாதத்தைக் கேட்டிருந்தார். நீரிழிவுக்காரர்களுக்கு மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குறைத்தால் நல்லது என்றால், குண்டானவர்களுக்கும் அது உதவுமே என்று அவருக்குத் தோன்றியது. பான்டிங்கைப் பார்த்ததும், "காதில் கோளாறு இல்லை, உள்ளே கொழுப்பு அழுத்துகிறது" என்று முடிவு கட்டினார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இந்த ஆறையும் முடிந்தவரை விட்டுவிடச் சொன்னார்.

பான்டிங் அதிர்ந்து போனார். ஏனென்றால் அவர் அதுவரை சாப்பிட்டதே கிட்டத்தட்ட இவைதான்! காலையில் ரொட்டியும் பாலும், அல்லது நிறையப் பாலும் சர்க்கரையும் போட்ட டீயும் வெண்ணெய் தடவிய டோஸ்ட்டும். மதியம் இறைச்சியோடு பீர், ஏகப்பட்ட ரொட்டி, பேஸ்ட்ரி. சாயங்காலம் மறுபடி காலை உணவு மாதிரியே. இரவில் பழம் வைத்த இனிப்பு அல்லது ரொட்டியும் பாலும். அவர் பெருந்தீனிக்காரர் இல்லை. எல்லோரும் சாப்பிடுவதைத்தான் சாப்பிட்டார். பிரச்சினையே அதுதான்.

புது உணவு முறை இப்படி இருந்தது. காலையில் 4, 5 அவுன்ஸ் இறைச்சியோ மீனோ, பால் சர்க்கரை இல்லாத டீ, ஒரு சின்ன பிஸ்கட் அல்லது ஒரு அவுன்ஸ் காய்ந்த டோஸ்ட். மதியம் 5, 6 அவுன்ஸ் மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர எந்தக் காய்கறியும், கொஞ்சம் டோஸ்ட். மாலையில் பழம், ஒன்றிரண்டு ரஸ்க், டீ. இரவில் 3, 4 அவுன்ஸ் இறைச்சி அல்லது மீன். இதோடு மதியம் இரண்டு மூன்று கிளாஸ் ஒயின், இரவு ஒன்றிரண்டு கிளாஸ், படுக்கும் முன் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம்! இந்த ஒயின் கணக்கை எந்த மருத்துவரும் இன்றைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். இறைச்சி அளவும் அப்படித்தான். ஆகவே பான்டிங் சாப்பிட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது தட்டு அல்ல, நோட்டு.

பான்டிங் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதி வைத்தார். அந்தப் பட்டியல் ஒரு பாஸ்புக் மாதிரி இருக்கிறது. 1862 ஆகஸ்டு 26இல் 202 பவுண்டு. செப்டம்பர் 7இல் 200. செப்டம்பர் 27இல் 197. அக்டோபர் 19இல் 193. பிறகு 190, 187, 184. கிறிஸ்துமஸ் வரைக்கும் இப்படி. ஒரு தடவை கூட 4 பவுண்டுக்கு மேல் குறையவில்லை. ஆரம்பத்தில் மட்டும் சடசடவென்று இறங்கி அப்புறம் நின்றுபோகிற கதையும் இல்லை.

ஜனவரிக்குப் பிறகு வருகிற பகுதிதான் முக்கியம். 182, 180, 178, 176. மூன்று வாரத்துக்கு இரண்டே இரண்டு பவுண்டு! ஒரு கிலோ கூட இல்லை. இன்றைக்கு ஒரு டயட்டில் இருப்பவர் மூன்று வாரம் கழித்து எடை மிஷினில் ஏறி, ஒரு கிலோ கூடக் குறையவில்லை என்று பார்த்தால் என்ன செய்வார்? அன்று மாலையே பரோட்டா கடைக்குப் போய்விடுவார். பான்டிங்குக்கு வயது 66 ஆகிவிட்டது. முப்பது வருடம் தோற்றவர். அவர் விடவில்லை. ஏன் விடவில்லை என்றால், அவர் பட்டினி கிடக்கவில்லை. நாலு வேளையும் சாப்பிட்டார். முன்பை விட நன்றாகச் சாப்பிடுவதாகவே அவருக்குத் தோன்றியது. ஏப்ரலில் மறுபடி வேகம் பிடித்தது. 173, 170, 167 என்று போய், 1863 ஆகஸ்டு 26ஆம் தேதி, சரியாக ஒரு வருடத்தில், 156 பவுண்டு. குறைந்தது மொத்தம் 46 பவுண்டு, சுமார் 21 கிலோ. இடுப்புச் சுற்றளவு 12¼ அங்குலம் குறைந்தது.

காது கேட்கத் தொடங்கியது. படியில் நேராக இறங்கினார். லேஸைத் தானே கட்டினார்.

ஹார்வியின் விளக்கம் முழுவதும் சரி என்று இன்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. ஒரு பவுண்டு கொழுப்பில் ஏறக்குறைய 3,500 கலோரி இருக்கிறது என்பார்கள். 46 பவுண்டை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 440 கலோரி பற்றாக்குறை. அது எவ்வளவு? ஒரு பைன்ட் பீரும், வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு ரொட்டியும். அவ்வளவுதான்! (இது தோராயக் கணக்கு. உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறையும். பான்டிங்கின் கடைசி மாதங்களில் 2, 2, 1 என்று இறக்கம் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) அவர் வேகம் வாரத்துக்கு ஒரு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய மருத்துவர்கள் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும் என்கிறார்கள். கலோரி அட்டவணை எதுவும் இல்லாத காலத்தில் ஒரு முதியவர் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டை அவருக்குப் பிறகு 150 வருடம் ஓடியது. 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்த அணி சராசரியாக 5.3 கிலோ இளைத்தது, மாவுச்சத்தைக் குறைத்த அணி 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு அணிக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது: சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்.

பான்டிங் தன் அனுபவத்தை 1863இல் ஒரு சிறு நூலாக எழுதினார். உடல் பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்பது தலைப்பு. முதலில் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு அனுப்பலாம் என்று நினைத்து, தன்னைப் போன்ற சாமானியனை யார் மதிப்பார்கள் என்று விட்டுவிட்டார். சொந்தச் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அதில் ஒரு உவமை அழகானது. பயறு குதிரைக்கு எப்போதாவது கொடுத்தால் நல்லது, தினமும் கொடுத்தால் கேடு. அது போலத்தான் வயதான மனிதனுக்கு ரொட்டியும் சர்க்கரையும் என்றார்.

அடுத்த பதிப்புகள் விலைக்கு வந்தன. 60,000 பிரதிகளுக்கு மேல் போயின. லாபத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். டயட் புத்தகம் எழுதிய முதல் பிரபலம், அதில் சம்பாதிக்காத கடைசிப் பிரபலமும் இவராகத்தான் இருப்பார்!

உடனே அடி விழுந்தது. மருத்துவம் படிக்காத ஆள் இதில் ஏன் தலையிடுகிறார் என்று 'லான்செட்' சாடியது. 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகை கிண்டலடித்தது. 'பஞ்ச்' கேலி செய்தது. தெருவில் சிரித்தவர்களுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவரைப் பார்த்து இப்போது நாடே சிரித்தது. ஹார்வியின் நிலைமையும் தர்மசங்கடம்தான். நோயாளி எழுதிய புத்தகத்துக்கு மருத்துவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் 1872இல் தானே ஒரு நூல் எழுதித் தன் தரப்பைச் சொன்னார். பான்டிங் அசரவில்லை. வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினார். 1869இல் நான்காம் பதிப்புப் போட்டார். பழைய எடை திரும்பவே இல்லை. 1878 மார்ச்சில், தன் 81ஆம் வயதில் காலமானார்.

ஆனால் ஜனங்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? இறைச்சி தின்றால் இளைக்கலாம் என்பதை மட்டும்! மூன்று வாரத்துக்கு இரண்டு பவுண்டு என்ற வரி யார் கண்ணிலும் படவில்லை. ஆங்கிலத்தில் 'பான்ட்' என்று ஒரு வினைச்சொல்லே உருவாகி, "நீங்கள் பான்ட் செய்கிறீர்களா?" என்று விருந்துகளில் கேட்டுக்கொண்டார்கள். 2013இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு புத்தகம் வழியாக அவர் பெயர் மறுபடி ஒரு அலையாகக் கிளம்பியது. அங்கே ஓட்டல்களில் 'பான்டிங் மெனு' கூட வந்தது.

ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை எப்போதோ மறந்துவிட்டார்கள். சுவீடன்காரர்கள் மட்டும் இன்னும் விடவில்லை. சுவீடிஷ் மொழியில் உடம்பை இளைக்க வைப்பதற்கு இன்றைக்கும் 'பான்டா' என்றுதான் பெயர். ஒரு கம்பெனி செலவைக் குறைத்தாலும் அங்குள்ள பத்திரிகைகள் அதே சொல்லைத்தான் போடுகின்றன.