கடலில் கரைந்த மஞ்சள்

தேயிலையை வெந்நீரில் இட்டால் சாயம் இறங்குகிறது. காட்டில் உதிர்ந்த இலைகளும் மட்கிய வேர்களும் மழைநீரில் ஊறும்போதும் இதுவே நிகழ்கிறது. அச்சாயம் ஆறுகளின் வழியே கடலை அடைகிறது. நீரில் முற்றும் கரைந்திருப்பதால் வடிதாளிலும் அது தங்குவதில்லை.

காடுகளும் சதுப்பு நிலங்களும் சூழ்ந்த பால்டிக் கடலில் இச்சாயம் மிகுதி. கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் குர்ட் கல்லே, 1938-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை ‘கெல்ப்ஷ்டோஃப்’ என்று குறிப்பிட்டார். ‘கெல்ப்’ என்றால் மஞ்சள். ‘ஷ்டோஃப்’ என்றால் பொருள். இது ஒரே சேர்மம் அன்று. எண்ணற்ற கரிமச் சேர்மங்களின் கலவை. ஆகவே நிறமே அதற்குப் பெயராயிற்று. ஆங்கில ஆய்வேடுகளும் அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டன.

இப்பொருள் நீல ஒளியை உறிஞ்சுகிறது. மீன்களுக்கு அடிப்படை உணவான நுண்பாசிகளின் பச்சையமும் நீல ஒளியை உறிஞ்சுகிறது. இவ்வொற்றுமையால் ஒரு சிக்கல் எழுந்தது. 1978-இல் ஏவப்பட்ட ‘நிம்பஸ்-7’ செயற்கைக்கோள், கடலின் நிறத்தைக் கொண்டு பாசியின் அளவைக் கணக்கிட உதவியது. ஆனால் ஆற்றுமுகங்களில் மஞ்சள் பொருளும் பாசியாகவே கணக்கில் ஏறியது!

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? பச்சையம் நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சுவது 440 நானோமீட்டரை ஒட்டியே. மஞ்சள் பொருளோ, அலைநீளம் குறையக் குறைய மேலும் மேலும் உறிஞ்சும். எனவே 1997-இல் விண்ணில் ஏறிய ‘சீவிஃப்ஸ்’ கருவியில், 412 நானோமீட்டர் ஒளியை அளக்கத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது.

வெறும் கறை என்று இதனை ஒதுக்கியிருந்தால், கடலின் விளைச்சலையே நாம் தவறாகக் கணித்திருப்போம்.