வாடகை வீடும் அயல் வீடும்

வீடு என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது முதுசொம் வீடு. அதற்கு அடுத்தது சீதன வீடு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, பிறருடைய வீட்டில் மாதந்தோறும் பணங்கொடுத்துக் குடியிருப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுமையான அனுபவமாகவே இருந்திருக்க வேண்டும். அப்புதுமையைப் பழக்கமாக்கிய நகரம் கொழும்பு. மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட பலர் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே கூரையின்கீழ், வாடகைக்கு வாழ்ந்த கதை அந்நகரின் கதை. அதனை இன்று சிறிது நோக்குவோம். வாடகைக்கு இருப்பவரின் தலைக்கு மேலுள்ள கூரையைத் தாங்கி நிற்பது எது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

கொழும்பின் வரலாற்றில் 1865 ஒரு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டிலேதான் மாநகரசபைக்கான கட்டளைச்சட்டம் பிறந்தது. பொலிஸ் கட்டளைச்சட்டமும் பிறந்தது. கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குப் புகைவண்டிச் சேவையும் முறைப்படி தொடங்கியது. மாநகரசபை வீடுகளுக்கு ஆண்டு மதிப்பிட்டுச் சோலைவரி விதித்தது. பொலிஸ் கட்டளைச்சட்டமோ, வேண்டியபோது வீட்டிலுள்ளோரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டுப்பெறும் அதிகாரத்தைத் தந்தது. புகைவண்டி மனிதரைக் கொண்டுவந்தது. வீட்டின் மதிப்பு, வீட்டிலுள்ளோர் பட்டியல், வெளியூரிலிருந்து வரும் மனிதர் ஆகிய இம்மூன்றும் பின்னர் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பதைப் போகப்போகக் காண்போம்.

1875இல் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலித் துறையின் பெருமை கொழும்புக்கு மாறிற்று. 1871இல் ஏறக்குறைய 98,000 பேர் வாழ்ந்த நகரில் 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏறக்குறைய 3,62,000 பேர் இருந்தனர். இவர்கள் எல்லோரும் எங்கே குடியிருந்தனர்?

கொம்பனித்தெருவைப் பாருங்கள். ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த இடமாதலால் ஆங்கிலத்தில் அதற்கு அடிமைத்தீவு என்றே பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த மலாய்ப் போர்வீரர்கள் அங்கே குடியிருந்தனர். 1873இல் அப்படை கலைக்கப்பட்டபோதிலும் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. அவர்களுக்குப் பக்கத்தில் தமிழரும் சோனகரும் சிங்களவரும் வந்து சேர்ந்தனர். பள்ளிவாசலும் முருகன் கோவிலும் விகாரையும் நடந்துபோகும் தொலைவிலேயே அமைந்தன. வடக்கே கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கப் பேராலயத்தைச் சூழ்ந்து தமிழரும் பறங்கியரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்தனர். தெற்கே வெள்ளவத்தையின் கதை வேறு. 1905இல் காங்கேசன்துறை வரை இருப்புப்பாதை முற்றுப்பெற்றபின், அரசாங்கக் கந்தோர்களில் லிகிதர்களாக அமர்ந்த வடபகுதி இளைஞர்கள், கரையோரப் புகைவண்டியில் ஏறி வேலைக்குப் போகக்கூடிய இடமாக அதனைக் கண்டனர்.

அவ்விளைஞர்கள் தனித்தனியே வீடு எடுக்கவில்லை; எடுக்கச் சம்பளம் போதவில்லை. ஐந்தாறு பேர் கூடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு சமையற்காரரை வைத்து, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். இவ்வேற்பாட்டையே ‘சமறி’ என்றனர். திருமணமான பின்னர் தனிவீடு, அல்லது பெரிய வீடொன்றின் ஒரு பாகம். தொழிலாளருடைய நிலை இன்னும் கடினமானது. ஒரு வளவுக்குள் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய ஒற்றையறை வீடுகள், நடுவிலே ஒரு தண்ணீர்க்குழாய், மூலையிலே பொது மலகூடம். அவ்வளவுகளுக்குத் ‘தோட்டம்’ என்ற அழகான பெயர்! ஆயினும், குழாயடியில் வாளியை வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தபோது, தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பெண்ணும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றுக்கொண்டனர். பள்ளிக்கூடம் கற்பிக்காத இருமொழிக் கல்வி அது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. போர்க்காலமாதலால் புதிய கட்டடங்கள் எழவில்லை. கட்டடப் பொருள்களும் அரிதாயின. துருப்புகளும் ஊழியரும் வந்து நிறைந்த நகரில், வீட்டுச் சொந்தக்காரர் கேட்டதே வாடகை என்ற நிலை வந்துவிடக்கூடாதென்று, அவ்வாண்டிலேயே 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. போர் முடிந்தும் சட்டம் முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 1941 நவம்பர் மாதத்தில் சோலைவரிக்காக மாநகரசபை இட்டிருந்த ஆண்டு மதிப்பே வாடகைக்கு அடிப்படையாயிற்று. வாடகை நிலுவை, சொந்தக்காரரின் நியாயமான தேவை, அனுமதியின்றிப் பிறருக்கு உள்வாடகைக்கு விடுதல், அயலாருக்குத் தொல்லை கொடுத்தல் போன்ற சில காரணங்களின்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதும் தடுக்கப்பட்டது.

நல்ல நோக்கந்தான். ஆயினும் அதன் விளைவுகள் இருவகையாயின. வாடகை உறைந்துபோனதால் சொந்தக்காரர் பலர் கூரையைத் திருத்தவில்லை; சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. வாடகையை மட்டும் நம்பியிருந்த விதவைகளும் முதியோரும், வீட்டுக்குச் சொந்தக்காரராயிருந்தும் வறியவராயினர். வாடகைக்கு விடுவதற்கென்று புதுவீடு கட்டுவோர் குறைந்தனர். சட்டம் தடுத்த முற்பணம் ‘கீ மணி’ என்ற பெயரோடு பின்கதவால் நுழைந்தது. உள்ளே இருந்தவருக்குச் சட்டம் கோட்டையாயிற்று. வெளியே நின்று வீடு தேடியவருக்கு அதுவே மதிலாயிற்று.

இன்னொரு விளைவு சட்டம் இயற்றியோர் எண்ணிப்பாராதது. மலிந்த வாடகையில் இருப்பவர் அவ்வீட்டை விட்டுப் போக விரும்பமாட்டார். ஆகவே தற்செயலாக ஒரே தெருவில் வந்து சேர்ந்த பல இனத்தவர் இருபது முப்பது ஆண்டுகள் அடுத்தடுத்த வீடுகளில் நிலைத்துவிட்டனர். வாடகைதாரர் இறந்தபின்னும் வாழ்க்கைத்துணைக்கோ பிள்ளைகளுக்கோ அவ்வுரிமை தொடரச் சட்டம் இடமளித்தமையால், அயலுறவும் அடுத்த தலைமுறைக்குச் சென்றது. பொங்கலும் பலகாரமும் வேலியைத் தாண்டிச் சென்றன. வெசாக் கூடும் நோன்புக் கஞ்சியும் நத்தார் கேக்கும் திரும்பி வந்தன. கலந்து வாழுங்கள் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. வாடகைச் சட்டம் அவர்களைப் பிரியாமல் வைத்தது. மீதியை அவர்களே செய்துகொண்டனர்.

இத்தகைய கலப்பு மக்களைக் கொண்டிருந்த மத்திய கொழும்புத் தொகுதி பல அங்கத்தவர் தொகுதியாக வகுக்கப்பட்டிருந்தது. அதன் பிரதிநிதிகளுள் ஒருவராக 1947 முதல் விளங்கியவர், பறங்கியர் சமூகத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் பீற்றர் கெனமன். 1970இல் அவர் வீடமைப்பு அமைச்சரானார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் அவர் காலத்தில் வந்தவை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்குப் பின்னது எல்லை வகுத்தது. எல்லைக்கு மேற்பட்ட வீட்டை அதில் வாடகைக்கு இருந்தவரே வாங்கவும் வழிசெய்தது. பல்லாண்டு வாடகை செலுத்தியவர் பலர் இவ்வாறு வீட்டுச் சொந்தக்காரராயினர். பழைய சொந்தக்காரருக்கோ அது ஆறாத மனக்குறையாயிற்று.

ஆனால் நேயர்களே, சட்டத்தின் கோட்டை நெருப்புக்கு முன்னே என்ன செய்யும்? 1958 மே மாதத்திலும் 1983 யூலை மாதத்திலும் கொழும்பில் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டன. 1958இல் அகதிகள் பாடசாலைக் கட்டடங்களில் தங்கவைக்கப்பட்டுக் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். 1983இல் தாக்குவோர் சிலர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளைத் தேடினர் என்பதை அந்நாள்களை ஆராய்ந்த பலர் பதிவு செய்துள்ளனர். எவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைக் கூறும் பட்டியல், ஒரு குடிமகனின் உரிமைக்குச் சான்று. தீயவர் கையில் அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. முப்பது ஆண்டு வாடகைப் பற்றுச்சீட்டுகளை வைத்திருந்தவரும் ஓர் இரவுக்குள் தெருவில் நின்றார். அந்த இரவிலே அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் கதவைத் திறந்து அடைக்கலம் கொடுத்ததனால் உயிர்தப்பியவர் பலர். திறவாத கதவுகளும் இருந்தன. இரண்டையும் கூறுவதே வரலாறு.

பின்வந்த போர்க்காலத்தில் வீடு தேடுவது மேலும் கடினமாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்தோர் கொழும்பை நாடினர். 1865இன் பொலிஸ் கட்டளைச்சட்டம் கூறிய வீட்டுப் பெயர்ப்பட்டியல் மீண்டும் உயிர்பெற்றது; வாடகைக்கு வருவோரின் பெயரைப் பதியவேண்டியிருந்தமையால், தமிழ் இளைஞருக்கு அறைகொடுக்கச் சொந்தக்காரர் பலர் தயங்கினர். 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பலவற்றுக்குப் பழைய கட்டுப்பாடும் இல்லை. ஆகவே பல மாத முற்பணம் கேட்கப்பட்டது. கொடுக்க வசதியில்லாதோர் விடுதி அறைகளில் நாட்கணக்கில் பணம் செலுத்தித் தங்கினர். 2007 யூன் 7ஆந் தேதி அவ்விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. அப்போதைய பிரதமர் பின்னர் வருத்தந் தெரிவித்தார். நாட்டில் தான் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் அளித்துள்ளது. விடுதி அறையில் வாழ்ந்தவருக்கும் அவ்வுரிமை உண்டு என்பது அன்று நினைவூட்டப்பட்டது.

எனினும் இங்கே ஓர் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். அதே அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, கடை, உணவகம், விடுதி, பொதுக் களியாட்ட இடம், தன் சமய வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் செல்வதில் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவருக்கும் தடை விதிக்கலாகாது என்கிறது. அப்பட்டியலில் வாடகை வீடு இல்லை. சொந்தக்காரர் ஒருவர், தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன் “வீடு கொடுத்தாயிற்று” என்று கூறிவிடுவாராயின், வந்தவர் திரும்பிப் போகவேண்டியதுதான். இத்தகைய பதிலைத் தமிழரும் கேட்டிருக்கிறார்கள், முஸ்லிம்களும் கேட்டிருக்கிறார்கள். தமிழ்ச் சொந்தக்காரர் வாயிலிருந்தும், சாதியையும் மதத்தையும் சாடையாக விசாரித்தபின், அதே பதில் வந்ததில்லையா? நம் நெஞ்சையும் நாம் கேட்கவேண்டும்.

இன்று வெள்ளவத்தையில் தனிவீடுகள் இருந்த இடங்களில் தொடர்மாடிகள் எழுந்துள்ளன. 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டம், ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு மாடி வீட்டையும் தனி ஆதனமாக்கியது. 2010 மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் வந்த ஆண்டுகளில் நகரின் பழைய தோட்டங்கள் பலவற்றில் வாழ்ந்தோர் வானுயர்ந்த மாடிகளுக்கு மாற்றப்பட்டனர். தண்ணீர் இப்போது வீட்டுக்குள்ளேயே வருகிறது; அது பெரும் நன்மை, ஐயமில்லை. ஆனால் குழாயடி போய்விட்டது. எதிர்வீட்டுக் கதவின் இலக்கம் தெரியும். உள்ளே இருப்பவரின் பெயர் தெரியாது.

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். வாடகைக்கு இருப்பவரின் கூரையைத் தாங்குபவை இரண்டு தூண்கள். ஒன்று சட்டம், மற்றது அயல். சட்டம் மட்டும் இருந்த இடத்தில் ஓர் இரவின் நெருப்பு அதனைப் பொசுக்கிற்று. அயலன்பு மட்டும் இருந்த இடத்தில் சொந்தக்காரரின் ஒரு சொல் குடும்பத்தைத் தெருவில் விட்டது. சட்டத்தின் இடைவெளியைச் சட்டசபையே நிரப்பவேண்டும். மற்றத் தூணுக்கு நாம் வேறெவரையும் எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் சாமான்களோடு வந்திறங்குமானால், அவர்கள் எம்மொழியினர் என்று விசாரிப்பதற்கு முன்னர், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரிப்போம். கொழும்பின் பழைய தெருக்கள் நமக்கு விட்டுச்சென்ற முதுசொம் அதுவே.