பூட்டிய பனுவலும் விட்ட வெற்றிடமும்: இலத்திரனியற் படிவத்தின் வரலாறு குறித்த சில சிந்தனைகள்

படிவம் ஒரு பனுவல் எனும் எண்ணம் இலக்கிய ஆய்வாளரிடையே பெரிதும் நிலவுவதில்லை. ஆசிரியர் பெயர் தாங்காததும், வாசிப்பதற்கன்றி நிரப்புவதற்கென்றே ஆக்கப்படுவதுமான இவ்வெழுத்து வகை, நூல்விபரப் பட்டியல்களுக்குப் புறத்தே நிற்பது. ஆயினும் பிறப்புப் பதிவு முதல் இறப்புப் பதிவு வரை, பாடசாலை அனுமதி, காணி, தொழில், கடவுச்சீட்டு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் சாதாரண மனிதன் எழுத வேண்டியிருப்பது படிவமே. அரசுக்கும் குடிமகனுக்குமிடையே, மூலதனத்துக்கும் உழைப்பாளிக்குமிடையே நிலவும் உறவு எழுத்து வடிவம் பெறும் களம் அது. இன்று அக்களம் கணினித் திரைக்குப் பெயர்ந்துள்ளது. அங்கே குறித்த சில கட்டங்களில் மாத்திரமே எழுதலாம், ஏனையவை பூட்டப்பட்டுள்ளன. இப்பூட்டு எவ்வாறு தோன்றியது, எவருடைய நலனைப் பேணியது என்பவற்றை வரலாற்றடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பிய அச்சின் வரலாற்றைப் பேசுவோர் குட்டன்பேர்க்கின் விவிலியத்தையே முதலிற் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் மைன்ஸ் நகரில் அசையும் அச்செழுத்துகளால் அச்சிடப்பட்டவற்றுள் திகதியை உறுதியாக அறியக்கூடிய மிகப் பழையவை, 1454ஆம், 1455ஆம் ஆண்டுகளுக்குரிய பாவமன்னிப்புப் பத்திரங்களாகும். சைப்பிரஸ் தீவின் பாதுகாப்புக்கு நிதி திரட்டும் பொருட்டு வழங்கப்பட்ட அப்பத்திரங்களில் வாசகம் முழுவதும் அச்சிலிருந்தது. பெறுபவரின் பெயருக்கும் திகதிக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. நிறுவனத்தின் சொல் அச்சில் நிலைபெறுகின்றது. தனிமனிதன் அதனிடையே விடப்பட்ட இடைவெளியிற் கையெழுத்தால் நுழைகின்றான். படிவத்தின் அடிப்படை அமைப்பு இதுவே. அச்சு யுகத்தின் தொடக்கத்திலேயே அது முழுமை பெற்றுவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கைத்தொழிற் புரட்சி இவ்வமைப்பை அறிவு திரட்டும் கருவியாக வளர்த்தது. 1832இல் இயந்திரங்களினதும் உற்பத்தியினதும் பொருளாதாரம் பற்றி நூலெழுதிய சாள்ஸ் பபேஜ், தொழிற்சாலைகளைப் பார்வையிடுவோர் விடைகளை நிரப்புதற்கான கேள்விச் சட்டகமொன்றையும் அந்நூலிற் சேர்த்தார். கணிப்பொறியின் முன்னோடியாகப் போற்றப்படுபவரே படிவத்தின் பயனையும் நன்குணர்ந்திருந்தார் என்பது தற்செயலன்று. ஏனெனில் இரண்டுமே உழைப்பைப் பகுத்து அளவிடும் தேவையிலிருந்து பிறந்தவை.

இதற்கு நேரெதிரான படிவமொன்றும் உண்டு. 1880இல் பிரான்சின் சோசலிசச் சஞ்சிகையொன்றுக்காகக் கார்ல் மார்க்ஸ் தொழிலாளருக்கென வினாக்கொத்தொன்றைத் தயாரித்தார். ஏறத்தாழ நூறு வினாக்களைக் கொண்ட அதில் தெரிவு செய்வதற்கான விடைகள் எவையும் தரப்படவில்லை. எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டுமென்ற கட்டாயமும் இருக்கவில்லை. தொழிலாளர் தமது நிலையைத் தம் சொற்களால் விரிவாக எழுதுமாறே வேண்டப்பட்டனர். கிடைத்த விடைகள் மிகச் சிலவேயாயினும், ஒரு கருத்து இதனால் தெளிவாகின்றது. படிவம் இயல்பிலேயே ஒடுக்குமுறைக் கருவியன்று. வினாவை வகுப்பவர் யார், வெற்றிடத்தின் அளவைத் தீர்மானிப்பவர் யார் என்பதிலேயே அதன் வர்க்கத் தன்மை தங்கியுள்ளது.

இப்பின்னணியிலேயே இலத்திரனியற் படிவத்தை நோக்குதல் வேண்டும். 1982இல் யோன் வார்னொக், சாள்ஸ் கெஷ்கி ஆகிய இருவரும் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். 1991இல் வார்னொக் முன்வைத்த 'கமெலொற்' என்னும் திட்டம், எந்தக் கணினியிலும் எந்த அச்சுப்பொறியிலும் ஓர் ஆவணம் ஒரே தோற்றத்துடன் அமைய வேண்டுமென்பதை இலக்காகக் கொண்டது. அதன் விளைவே 1993இல் வெளிவந்த பீ.டி.எவ். வடிவம். சொற்செயலியின் ஆவணம் எழுதுவோனுக்கு உரியது, எவரும் திருத்தலாம். பீ.டி.எவ். ஆவணமோ எழுதி முடிக்கப்பட்டதன் பின்னர் வருவது. கணினிக்குள் காகிதத்தின் இறுதித்தன்மையை மீட்டெடுத்தமையே அதன் வெற்றியின் இரகசியம் எனலாம்.

1994இல் இவ்வடிவத்துடன் கடவுச்சொற் பாதுகாப்பும், 1996இல் நிரப்பத்தகு கட்டங்களும் இணைக்கப்பட்டன. கடவுச்சொற்கள் இருவகைப்படும். ஒன்று ஆவணத்தைத் திறப்பதற்கானது; அது இல்லையேல் உள்ளடக்கம் மறைகுறியாகவே இருக்கும். மற்றையது உரிமையாளருக்குரியது, அச்சிடலாமா, திருத்தலாமா, கட்டங்களை மாத்திரம் நிரப்பலாமா என்பவற்றை வரையறுப்பது. இரண்டாவது பூட்டின் தன்மை கூர்ந்து நோக்கத்தக்கது. ஆவணம் திறக்கப்பட்டதும் அதன் உள்ளடக்கம் முழுவதும் வாசிப்பு மென்பொருளின் கைக்கு வந்துவிடுகின்றது. தடைகளை மதிப்பது அம்மென்பொருளை ஆக்கியோரின் பொறுப்பேயன்றி, மறைகுறியாக்கம் அவற்றை வலிந்து நிலைநாட்டுவதில்லை. அடோபியின் விவரக்குறிப்பே இதனை ஒப்புக்கொள்கின்றது. எனவே இது கதவிலிட்ட பூட்டன்று. கதவில் எழுதப்பட்ட கட்டளை.

கட்டளை செல்லுபடியாவதற்குச் சட்டத்தின் வலு வேண்டும். பதிப்புரிமைக்கான தொழில்நுட்பத் தடைகளை மீறுவதனை ஐக்கிய அமெரிக்கா 1998ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாக்கியது. 2001 யூலையில் ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்கிளியாரொவ், அடோபியின் மின்னூற் பூட்டைத் திறக்கும் மென்பொருளின் பேரில் லாஸ் வேகாஸ் நகரிற் கைதானார். எதிர்ப்பு வலுத்ததும் அடோபியே தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. அவர் பணியாற்றிய எல்கொம்சொவ்ற் நிறுவனமும் 2002 டிசம்பரில் யூரர்களால் விடுவிக்கப்பட்டது. அவ்வழக்கு மின்னூல் பற்றியதாயினும், தொழில்நுட்பம் தனித்துச் சாதிக்க முடியாததைச் சொத்துரிமைச் சட்டம் சாதிக்க முனைந்ததை அது நன்கு காட்டுகின்றது.

பூட்டு பண்டமானதற்கும் சான்றுண்டு. படிவத்தை வாசிக்கும் மென்பொருள் இலவசமாயிற்று. ஆனால் நிரப்பிய படிவத்தைச் சேமிக்கும் உரிமை அதிற் பொதுவாக இருக்கவில்லை. கட்டங்களை நிரப்பியவர் அதனை அச்சிடலாம். மூடினால் எழுதியது மறைந்துவிடும். படிவத்தை வெளியிடுவோர் விலைகொடுத்து வாங்கிய மென்பொருளால் இவ்வுரிமையை 'இயலச்' செய்தாலே சேமித்தல் கைகூடிற்று. 2006இல் வெளிவந்த அக்ரோபற் 8இன் உரிம ஒப்பந்தமோ இதற்கும் எல்லை வகுத்தது. 500 பேருக்கு மேல் வழங்கப்படும் படிவமாயின், திரும்பி வருபவற்றுள் 500க்கு மேற்பட்டவற்றின் தகவல்களைப் பிரித்தெடுத்தலாகாது என்பது அந்நிபந்தனை. 2012இல் வெளிவந்த பதிப்பிலேயே சேமிக்கும் வசதி இலவச வாசிப்பானுக்குப் பொதுவாயிற்று. மனிதன் தானே எழுதிய சொற்களை வைத்திருக்கும் உரிமை சந்தைச் சரக்காக விளங்கிய காலமொன்று இருந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

2008இல் பீ.டி.எவ். சர்வதேசத் தர நியமமாகியது. எனினும் 2003இற் சேர்க்கப்பட்ட 'எக்ஸ்.எவ்.ஏ.' எனும் படிவ முறைமை அந்நியமத்துள் முழுமையாக அடங்காது ஒரு நிறுவனத்தின் வரையறையாகவே நீடித்து, 2017ஆம் ஆண்டு நியமத்திற் கைவிடப்பட்டது. கனடியக் குடிவரவுப் படிவங்கள் பல இம்முறைமையில் அமைந்திருந்தன. இணைய உலாவியில் அவற்றைத் திறந்தவர் கண்டது படிவத்தையன்று. காத்திருக்குமாறு கூறும் அறிவித்தலையே. புலம்பெயர்ந்த எம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய அனுபவமாகும்.

பூட்டினை முற்றாக மறுப்பதும் பொருந்தாது. சுவடிகளில் இடைச்செருகல்களால் நேர்ந்த சிக்கல்களை அறிந்தோர் மாறாப் பனுவலின் பெறுமதியை அறிவர், சி. வை. தாமோதரம்பிள்ளை பாடங்களை ஒப்புநோக்கிப் பதிப்பித்தது அதன் பொருட்டே. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை ஒரு தரப்பார் மறைவாக மாற்றாதிருத்தல் எளியவனுக்கும் பாதுகாப்பே. ஆனால் இதற்கு ஏற்றது இலத்திரனியற் கையொப்பமாகும். அது எழுதுவதைத் தடுப்பதில்லை; கையொப்பத்தின் பின் நேர்ந்த மாற்றத்தை இருதரப்பாருக்கும் வெளிப்படுத்துகின்றது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இதற்கு இடமளித்துள்ளது. அனுமதி மறுப்பது ஒருவழி அதிகாரம். மாற்றத்தைக் காட்டுவது பரஸ்பர நம்பிக்கை.

காகிதப் படிவத்துக்கு ஓரமொன்று இருந்தது. கட்டத்தினுள் அடங்காததை அங்கு எழுதலாம். இலிகிதர் வாசித்துப் பொருள்கொள்வார். பூட்டிய படிவத்துக்கு ஓரமில்லை. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் கட்டத்தில் தமிழன் தந்தையின் பெயரை இட நேர்கின்றது. அடுத்த தலைமுறையில் அது குடும்பப் பெயராகவே உறைந்துவிடுகின்றது. கட்டத்துக்கென விதிக்கப்பட்ட எழுத்துரு தமிழை அறியாதாயின் எழுதியது தோன்றுவதுமில்லை. பாமினி போன்ற எழுத்துருவால் ஆக்கப்பட்ட படிவம் கண்ணுக்குத் தமிழாகவும், கணினிக்கு உரோமன் எழுத்துக் குவியலாகவும் உள்ளது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை மெய்ப்படுவது சட்டப் புத்தகத்திலன்று, இக்கட்டங்களிலேயாம்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. முன்னர் கந்தோரில் இலிகிதர் செய்த தட்டச்சும் சரிபார்ப்பும் இன்று விண்ணப்பதாரியின் ஊதியமற்ற உழைப்பாகியுள்ளன. அது இயலாதோர், முன்னாளிற் கச்சேரி வாயிலில் பெத்திசம் எழுதுவோரை நாடியதுபோல், இன்று போட்டோப் பிரதிக் கடையை நாடுகின்றனர். சாதனம் மாறியது; உறவு மாறவில்லை.

அதிகாரவர்க்கத்தின் ஆன்மா இரகசியமும் படிநிலையுமே என்பதை மார்க்ஸ் 1843இலேயே இனங்கண்டார். பூட்டிய படிவம் அதன் இன்றைய வடிவங்களுள் ஒன்று. அதனைத் திறத்தல் கடவுச்சொல்லை உடைக்கும் தந்திரத்தாலன்று. திறந்த நியமம், தாய்மொழி எழுத்து, எழுதியதை வைத்திருக்கும் உரிமை, கட்டத்துள் அடங்காததைச் சொல்வதற்கான ஓரம் ஆகியவற்றைக் கோருவதாலேயே ஆகும். வினாவை வகுக்கும் பொழுது விடையளிப்போனும் உடனிருக்கும் சமுதாயத்திலேயே படிவம் கட்டளையாக அமையாது உரையாடலாக அமையும்.