மலாக்கா தோட்டப்புறமும் இறுகிய பிஸ்டனும்: ஒரு கைத்தொழில் அறிவின் வரலாறு

மலாயாவின் வணிக ரப்பர் வரலாறு மலாக்காவில் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் சோதனையாக நட்ட ரப்பர் கன்றுகளும், அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசகானில் அவர் உருவாக்கிய பெருந்தோட்டமும், பின்னர் தீபகற்பம் முழுவதும் பரவிய ஒரு பொருளாதாரத்திற்கு வழிகாட்டின. இவற்றைத் தொடர்ந்து ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரங்களில் எழுந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டவும் காடு திருத்தவும் தமிழர்கள் குடியேறினார்கள். அவர்களுடைய கூலி, லயங்கள், கள்ளுக்கடைகள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள், தொழிற்சங்கங்கள் ஆகியவை பற்றிப் பல நூல்கள் உள்ளன. ஆனால் அம்மக்கள் தம் கைகளால் ஈட்டிய இயந்திர அறிவு வரலாற்று எழுத்தில் மிகக் குறைந்த இடத்தையே பெற்றிருக்கிறது. அந்த அறிவின் ஒரு கிளை, இரண்டு வீச்சு மோட்டார் சைக்கிளின் பிஸ்டன் இறுகிப்போனால் அது ஏன் இறுகியது என்று கண்டறியும் திறமையாகும்.

இரண்டு வீச்சு இயந்திரம் என்பது பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள், அதாவது கிராங்க் தண்டின் ஒரே சுற்றில், வேலை முழுவதையும் முடித்துவிடும் இயந்திரமாகும். ஸ்காட்லாந்துக்காரரான டியூகால்ட் கிளார்க் 1881இல் இரண்டு வீச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுக்குள் இங்கிலாந்தின் ஜோசப் டே, கிராங்க் அறையையே காற்று அழுத்தும் பம்பாகப் பயன்படுத்தி அதை எளிமைப்படுத்தினார். ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம் 1939இல் வெளியிட்ட ஆர்டி 125 என்னும் வண்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பார்த்துச் செய்யப்பட்டது. பிரிட்டனின் பிஎஸ்ஏ பேண்டம் 1948இலும், யமஹாவின் முதல் வண்டியான ஒய்ஏ-1 1955இலும் அந்த வடிவத்தையே பின்பற்றி வந்தன. வால்வுகளோ கேம் தண்டோ இல்லாத இந்த இயந்திரம் எடை குறைந்தது, விலை மலிந்தது, சில ஸ்பேனர்களைக் கொண்டு வீட்டு வாசலிலேயே பிரித்துவிடக் கூடியது. தோட்டப்புறத்தில் அது வேரூன்றியதற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

மற்றொரு காரணம் தோட்டத் தமிழரின் வாழ்க்கையில் நேர்ந்த மாற்றமாகும். 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது பலர் வேலையிழந்து தமிழகம் திரும்பினர். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1970களில் மலாக்கா நகரை அடுத்த பத்து பெரெண்டாமில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் எழுந்தன. லயத்திலிருந்து பெரட்டுக் களம்வரை, அதாவது விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்வரை, நடந்தே பழகிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை நாள்தோறும் பல கிலோமீட்டர் சென்று திரும்ப வேண்டியதாயிற்று. ஹோண்டாவின் நான்கு வீச்சு வண்டிகள் ஒருபுறம் இந்தத் தேவையை நிறைவு செய்ய, மறுபுறம் சுசுகி ஏ100, யமஹாவின் சிறிய வண்டிகள், 1985இல் மலேசியச் சந்தைக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ்-இசட் ஆகிய இரண்டு வீச்சு வண்டிகள் விரைவையும் ஏற்றத்தில் இழுக்கும் வலுவையும் தந்தன.

இந்த வண்டிகளின் எளிமைக்கு ஒரு விலை உண்டு. நான்கு வீச்சு இயந்திரத்தில் எண்ணெய் அடியில் தேங்கி நின்று, திரும்பத் திரும்பச் சுற்றி வந்து உறுப்புகளை நனைக்கிறது. இரண்டு வீச்சு இயந்திரத்திலோ கிராங்க் அறை வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று செல்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. பெட்ரோலோடு சேர்ந்தோ தனிக் குழாய் வழியாகவோ வரும் சிறிதளவு எண்ணெய் உறுப்புகளை நனைத்துவிட்டு எரிந்து புகையாக வெளியேறிவிடுகிறது. பழைய பேண்டம் போன்ற வண்டிகளில் இருபது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்னும் அளவில் கையால் கலந்து ஊற்றினார்கள். 1964இல் யமஹா அறிமுகப்படுத்திய ஆட்டோலூப் முறை, இயந்திரத்தின் வேகத்திற்கும் ஆக்சிலேட்டர் திறப்பிற்கும் ஏற்ப ஒரு சிறிய பம்பு வழியாக எண்ணெயை அளந்து கொடுத்தது. இதனால் கலவைத் தொல்லை நீங்கியது. ஆயினும் தனித் தொட்டியில் 2டி எனப்படும் இரண்டு வீச்சு எண்ணெய் தீர்ந்ததை உடைமையாளர் கவனிக்காவிட்டால் இயந்திரம் பாதுகாப்பின்றிச் சுழலும் நிலை அதன் கூடவே வந்தது.

பிஸ்டன் இறுகுதல் என்பது உலோகங்களின் விரிவில் ஏற்படும் வேறுபாட்டின் விளைவு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. மலேசியப் பட்டறைகளில் புளோக் என்று வழங்கும் சிலிண்டரில் அது ஓடும் உட்சுவர் பெரும்பாலான பழைய வண்டிகளில் வார்ப்பிரும்பால் ஆனது. ஆர்எக்ஸ்-இசட் வண்டியின் 56 மில்லிமீட்டர் குறுக்களவை எடுத்துக்கொண்டால், வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் உயரும்போது பிஸ்டன் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர் விரிய, வார்ப்பிரும்புத் துளை ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் மட்டுமே விரிகிறது. குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஐந்தாறு பங்குதான். எனவே பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறினால் அல்லது இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் அறுந்தால், அலுமினியம் இரும்பின்மீது தேய்ந்து, உருகி ஒட்டி, ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. பட்டறை மொழியில் இது ‘ஜாம்’ ஆகிவிட்டது எனப்படும். முழுதாக இறுகுவதற்கு முன் ஒலி மந்தமாகி, யாரோ பின்னிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் தளரும். அந்தக் கணத்தில் கிளட்ச்சைப் பிடிப்பவர் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு விழாமல் தப்புகிறார்.

மலாக்காத் தோட்டங்களின் அன்றாட வேலைமுறையில் இந்தக் கோளாறுக்கான எல்லாச் சூழல்களும் நிறைந்திருந்தன. விடியும் முன் குளிர்ந்து கிடக்கும் வண்டியை உதைத்து எழுப்பி, சூடேற விடாமல் முறுக்கிச் செல்லும்போது பிஸ்டன் முதலில் விரிந்து புளோக் பின்தங்குகிறது. பால் நிறைந்த தகரங்களையோ செம்பனைப் பழங்களையோ ஏற்றிக்கொண்டு சேற்றில் முதல் கியரிலேயே ஊர்ந்து செல்லும்போது, காற்றால் குளிர வேண்டிய இயந்திரத்துக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. செம்மண் பாதையின் தூசு காற்று வடிகட்டி வழியாக உள்ளே புகுகிறது. சேறு புளோக்கின் குளிர்ச்சித் தகடுகளை மூடிவிடுகிறது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின் இவற்றோடு ஒரு புதிய சூழலும் சேர்ந்தது. கட்டணமின்றி அதில் செல்ல அனுமதிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் ஆயர் குரோவிலிருந்து நெடுந்தொலைவுக்கு ஒரே முறுக்கில் ஓடின. ஊர்ப்பாதையில் வெளிப்படாத சிறு குறைகள் அந்த இடைவிடாத வேகத்தில் இறுக்கமாக முடிந்தன.

இத்தகைய சூழலில் உருவான கண்டறியும் முறையின் அடிப்படை, இறுகிய பிஸ்டனை ஓர் ஆவணமாகக் கருதி வாசிப்பதாகும். பிஸ்டனை இணைப்புத் தண்டோடு பிணைக்கும் பிஸ்டன்முளை நுழையும் துளைகளுக்கு இருபுறமும் நான்கு மூலைகளில் மட்டும் செங்குத்துத் தேய்மானம் தெரிந்தால், அது சூடேற்றாமல் முறுக்கியதன் அடையாளம் அல்லது புளோக் கடையும்போது இடைவெளி குறைவாக விடப்பட்டதன் அடையாளம். புகைபோக்கி வாயை நோக்கிய பக்கம் மட்டும் உரிந்திருந்தால், எரிந்த வாயு வெளியேறும் அந்தப் பக்கமே மிகவும் சூடாவதால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். சுற்றிலும் வறண்ட தேய்மானம் இருந்து, இணைப்புத் தண்டின் முனைகளும் நீலம் பாரித்திருந்தால், எண்ணெய் வந்து சேரவில்லை என்பது உறுதியாகிறது. காற்று நுழையும் பக்கத்தில் மங்கிய சாம்பல் நிறமும் மெல்லிய நெடுங்கீறல்களும் இருந்தால் தூசு புகுந்திருக்கிறது. பிஸ்டன் தலையின் விளிம்பு அரித்து ரிங் பள்ளம் சிதைந்திருந்தால், எரிபொருள் நேரத்துக்கு முன் வெடித்து அடித்திருக்கிறது. பிஸ்டன்முளையின் முனைக்கு நேராக ஒற்றைக் கோடு ஆழமாக வெட்டியிருந்தால், முளையைத் தாங்கும் கம்பி வளையம் கழன்றிருக்கிறது.

அடையாளத்திலிருந்து காரணத்திற்குச் செல்வது அடுத்த படி. முதற்சாட்சி ஸ்பார்க் பிளக். அதன் முனை தேநீர் நிறத்தில் இருப்பது நலத்தைக் காட்டும். சுண்ணாம்பு வெண்மை, அதிலும் சிறிய அலுமினியத் துளிகள் படிந்த வெண்மை, கடும் வெப்பத்தைக் காட்டும். வெப்பத்திற்குக் காரணம் கார்புரேட்டரின் அடைபட்ட ஜெட்டாக, அதாவது பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளையாக, இருக்கலாம். பெட்ரோல் குழாயின் வடிகட்டியில் படிந்த துருவாகவும் இருக்கலாம். கார்புரேட்டரையும் புளோக்கையும் இணைக்கும் ரப்பர்க் குழாயின் வெடிப்பாகவும் இருக்கலாம். எளிதில் புலப்படாதது கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்களின் கேடு. மின்காந்தச் சக்கரத்தின் பக்கத்துச் சீல் கெட்டால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ஆக்சிலேட்டரை விட்டபின்னும் இயந்திரம் உயர்ந்த சுழற்சியிலேயே நிற்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் எண்ணெய் இழுக்கப்பட்டு, வெண்புகை தள்ளி, கியர் அறையின் எண்ணெய் அளவு குறையும். எண்ணெய் பம்பைப் பொறுத்தவரை, அதன் கம்பி சரியான குறியில் நிற்கிறதா, தொட்டி வறண்டபின் குழாயில் காற்றுக்குமிழி தங்கிவிட்டதா, பம்பைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பதே முறை.

இந்த வரிசைதான் கைத்தொழிலை வெறும் உதிரிப்பாக மாற்றத்திலிருந்து பிரித்துக் காட்டியது. புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, காரணத்தை அப்படியே விட்டுவிட்டால், அதே வண்டி மீண்டும் அதே அடையாளத்தோடு திரும்பிவரும். வாரக்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அந்த இரண்டாம் செலவு தாங்க முடியாத ஒன்று. ஆகவே நல்ல பட்டறைக்காரர் பழைய பிஸ்டனை வாடிக்கையாளரின் கையில் கொடுத்து, தேய்மானம் எங்கே விழுந்திருக்கிறது என்று காட்டி, பழுது எது, ஓட்டும் பழக்கத்தின் தவறு எது என்று விளக்கினார். விளக்கம் சொல்லும் இந்த வழக்கத்தின் மூலம், பட்டறைக்கு வெளியே இருந்த பால்மரம் வெட்டுவோரும் தொழிற்சாலைப் பெண்களும் பள்ளி மாணவர்களும்கூட இயந்திரத்தின் இயல்பை ஓரளவு அறிந்தவர்களானார்கள்.

பழுது நீக்கும் வேலையும் நுட்பமானது. ஒட்டிய அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கரைத்துவிடும். அது இரும்பை அரிப்பதில்லை என்பதால் இலேசாக இறுகிய புளோக்கை அவ்வழியில் தூய்மை செய்து மெருகிடலாம். கீறல் ஆழமானால் நகரத்துக் கடைசல் பட்டறையில் துளையை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவார்கள். இப்படிப் படிப்படியாக ஒரு மில்லிமீட்டர்வரை செல்லலாம். கடைந்தபின் புளோக்கின் வாயில்களுடைய கூர்விளிம்புகளை மழுக்காவிட்டால் ரிங் அவற்றில் மாட்டி முறியும். அதன்பின் சில நூறு கிலோமீட்டர்வரை முழு முறுக்கின்றி, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் புதிய பரப்புகளை ஒன்றுக்கொன்று பழக்க வேண்டும். பட்டறையில் செய்த வேலை நிலைப்பதும் வீணாவதும் இந்த இறுதிக் கட்டத்தில் ஓட்டுநரின் பொறுமையைப் பொறுத்தே அமைந்தது.

இந்த அறிவு பள்ளியிலிருந்து வந்ததன்று. தோட்டத்து ஸ்டோரில், அதாவது ரப்பர் பாலைத் தாளாக்கும் ஆலையில், இயந்திரங்களைக் கவனித்தவர்களும் தோட்ட லாரிகளை ஓட்டிப் பழுது பார்த்தவர்களும் இதன் முன்னோடிகள். நகரங்களில் மோட்டார் சைக்கிள் கடைகள் பெரும்பாலும் சீனர்களுடையனவாக இருந்தன. அங்கே கையாளாகச் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் முதலில் பாகங்களைப் பெட்ரோலில் கழுவவும், பின்பு பிரிக்கவும், இறுதியாகக் காரணம் சொல்லவும் கற்றார்கள். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கின் சொற்களும் கலந்த பேச்சில் கற்பிக்கப்பட்டதாலும், காதாலும் விரல்நுனியாலும் அறியப்பட்டதாலும், இது ஏட்டில் ஏறவில்லை. உற்பத்தியாளர்கள் வெளியிட்ட கையேடுகள் அளவுகளைத் தந்தன. ஆனால் பால் தகரம் ஏற்றிய வண்டி சேற்றில் எப்படிச் சூடேறும் என்பதை அவை சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது தொழிலாளரின் அனுபவமே.

காலம் அந்த அனுபவத்தின் தேவையைக் குறைத்துவிட்டது. 1996இல் மொடெனாஸ் நிறுவனத்தின் நான்கு வீச்சு கிரிஸ் வண்டி வந்தது. 2003ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் எண்ணெயை எரித்து வெளியேற்றும் இயந்திரங்களுக்கு நெருக்கடியாயின. ஆர்எக்ஸ்-இசட் 2011இல் நிறுத்தப்பட்டது. தூய காற்றின் பொருட்டு இந்த மாற்றம் நியாயமானதே. தோட்டங்கள் பலவும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, அங்கிருந்த குடும்பங்கள் நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டன. இன்று பழைய ஆர்எக்ஸ்-இசட் வண்டிகள் சேகரிப்போரால் விரும்பி வாங்கப்படுகின்றன. அவற்றை இயக்கிவைக்கத் தெரிந்த கைகளோ முதுமையடைந்து வருகின்றன.

தோட்டத் தமிழரின் வரலாறு அவர்கள் பட்ட துன்பத்தின் கணக்கோடு முடிந்துவிடக் கூடாது. அவர்கள் அறிந்திருந்தவற்றின் கணக்கும் அதில் சேர வேண்டும். ஒரு தேய்மானத்தைக் கண்டு அதன் காரணத்தை வரிசைப்படி தேடி, சான்று கிடைக்கும்வரை முடிவு கூறாமல் இருந்த அந்தப் பட்டறை ஒழுக்கம் அறிவியல் ஒழுக்கமே. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளும் வாசகர் வட்டங்களும் வரலாற்று ஆர்வலர்களும், இன்னும் பட்டறையில் அமர்ந்திருக்கும் மூத்த தொழிலாளர்களிடம் சென்று, அவர்கள் பயன்படுத்தும் சொற்களையும் சோதனை முறைகளையும் தமிழில் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் நம்மோடு இருக்கும் காலத்திலேயே அந்தப் பணி நடந்தாக வேண்டும்.