சுவர் சாய்ந்தால் யார் செலவு?

1994-இல் மாடி கட்டியபோது, மேஸ்திரியின் ஆட்களால் கீழ்வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. அதைப் பூசிய கூலியையும் மேஸ்திரி என் கணக்கிலேயே எழுதினார். எல்லாம் வாய்ப்பேச்சு, கொடுத்துத் தொலைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஹம்முராபி சட்டத்தைப் படித்தேன். சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனிய மன்னர் கல்லில் வெட்டி வைத்தது. இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு 'சார்' பரப்புக்கு, அதாவது ஏறக்குறைய 390 சதுர அடிக்கு, கட்டுபவர் கூலி 2 ஷெக்கல் வெள்ளி. சுவர் சாய்ந்தால் அவர் தன் காசிலேயே பலப்படுத்த வேண்டும். வீடு இடிந்து பொருள் நாசமானால் அதற்கும் ஈடு தர வேண்டும்.

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. வீடு கட்டித் தருவதும் அதில் அடங்கும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் ஏமாந்தது மறு வருடம்! சட்டம் இருந்தது, என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பிள்ளைகள் வீடு கட்டினால், முதலில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.