சப்ளை அறுந்த படை

‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’ ஆடியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல்: “இது போர் இல்லப்பா, புதிர். சப்ளை அறுந்தா ரெண்டு மூணு டர்ன்ல படையே படுத்துடுது.” மாற்றி மாற்றிக் காய் நகர்த்தும் இந்தப் போர் விளையாட்டு 2011இல் வந்தது. களம், ஸ்டாலின்கிராட். எனக்கென்னவோ, அவர்கள் குறை சொல்கிற இடத்தில்தான் வரலாறே இருக்கிறது.

1942 நவம்பர் 19. சோவியத் படைகள் நகரத்துக்குள் நின்ற ஜெர்மானியர்கள் மேல் பாயவில்லை. பக்கவாட்டில் காவலிருந்த ருமேனியர்களை உடைத்தன. நான்கே நாளில் கலாச் அருகே வளையம் மூடிவிட்டது. விமானத்தில் உணவும் குண்டும் இறக்கிவிடலாம் என்றார் கோரிங். தினம் குறைந்தது 300 டன் தேவை. சராசரியாக வந்தது அதில் பாதிகூட இல்லை. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். பிப்ரவரி 2க்குள் சிறைப்பட்டவர்கள் சுமார் 91,000. ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய 6,000. புதிராம்!

நானும் ரயில் பாதைமேல் ஒரு டாங்கிப் படையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. அந்த நகரம் வரைபடத்தில் சில அறுகோணக் கட்டங்கள், பிடித்தால் புள்ளி. அங்கே நிலவறைகளில் பதுங்கிக் கிடந்த ஊர்மக்களுக்கு சப்ளைக் கோடே கிடையாது. அதைப் பற்றி யாரும் புலம்பி நான் கேட்டதில்லை.