மூன்று மேஜை, நாற்பது நாற்காலி

மூன்று மேஜை, நாற்பது நாற்காலி. மொத்தமாக என்ன விலை இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

நல்ல மரம், கைவேலைப்பாடு, மெத்தை தைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாகவே ஒரு தொகையைச் சொல்லுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் தோற்றுப்போவீர்கள். நியூயார்க்கின் அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் இதற்கு எழுதியிருந்த தொகை 1,79,729 டாலர்! அதுவும் இன்றைய டாலர் இல்லை. 1870-ஐ ஒட்டிய காலத்து டாலர். காலையிலிருந்து சாயந்திரம் வரை கல்லும் மண்ணும் சுமக்கிற கூலியாளுக்கு இரண்டு டாலர் கிடைத்தாலே பெரிய விஷயமாக இருந்த காலம்.

இந்த மேஜை நாற்காலிகள் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? கோர்ட்! நியூயார்க் கவுன்ட்டிக்காகப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த நீதிமன்றம்.

பேப்பரின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் 'டெண்டர் அறிவிப்பு' என்று வருமே, பார்த்திருப்பீர்கள். முத்திரையிட்ட உறையில் விலைப்புள்ளி தரவேண்டும், இத்தனாம் தேதி மூன்று மணிக்கு உறை பிரிக்கப்படும், குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்று நீளும். படிக்காமல் புரட்டிவிடுவோம். அந்த நாலு வரியை எழுதவைக்க ஊர்க்காரர்கள் எவ்வளவு அடிபட வேண்டியிருந்தது, எழுதிவைத்த பிறகும் அதை எப்படி ஏமாற்றினார்கள் என்பதற்கு நியூயார்க்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கதை ஆரம்பிப்பது கோர்ட்டில் அல்ல, இடுகாட்டில். 1850-களின் தொடக்கத்தில் அநாதைப் பிணங்களைப் புதைக்க நகரத்துக்கு இடம் தேவைப்பட்டது. வார்ட்ஸ் தீவில் ஒரு நிலம் பார்த்தார்கள். சந்தையில் முப்பதாயிரம் டாலருக்கு மேல் போகாத நிலம். நகரசபை கொடுத்த விலை ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம்! அப்போது சபையின் இரண்டு பிரிவிலும் சேர்த்து நாற்பது கவுன்சிலர்கள். பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அலிபாபா கதையிலிருந்து பட்டத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள்... 'நாற்பது திருடர்கள்'.

ஊர் கொதித்தது. வியாபாரிகளும் பெரிய மனிதர்களும் கூட்டம் போட்டார்கள். விளைவாக 1853-இல் நகரத்தின் சாசனம் திருத்தப்பட்டது. 250 டாலருக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் கொள்முதலுக்கும் போட்டி விலை கேட்க வேண்டும், குறைந்த விலைக்காரருக்கே ஒப்பந்தம் என்று அதில் எழுதினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நாற்பது பேரில் ஒருத்தர் இந்தத் திருத்தத்தை அழிக்க நினைக்கவில்லை. இதில் சந்து எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அவர் பெயர் வில்லியம் ட்வீட்.

ஆளைப் பார்த்தால் மறக்க முடியாது. ஆறடி உயரம், சுமார் முந்நூறு பவுண்டு எடை, சிரித்த முகம். தீயணைப்புப் படையில் பெயர் வாங்கி, அங்கிருந்து அரசியலுக்கு வந்தவர். டாமனி ஹால் என்று ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் அமைப்பு ஒன்று இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் ஐரிஷ்காரர்களுக்கு வேலை, தங்க இடம், குடியுரிமைத் தாள் எல்லாவற்றுக்கும் வழி செய்து, பதிலுக்கு ஓட்டு வாங்கிக்கொள்ளும் இயந்திரம் அது. ட்வீட் அதன் தலைவராகிவிட்டார். இன்னொரு விஷயம். இவருடைய அப்பா நாற்காலி செய்து விற்றவர். மகனும் சிறுவயதில் அந்தத் தொழில் பழகியவர்தான். நாற்பது நாற்காலிக்கு அடக்கவிலை என்ன என்பது நியூயார்க்கில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்!

சரி, சந்து எங்கே இருந்தது?

அந்த ஊரில் ஒரே நிலப்பரப்புக்கு இரண்டு நிர்வாகம். ஒன்று நகரம், இன்னொன்று கவுன்ட்டி. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்குப் புத்தகம். 1853 திருத்தம் நகரத்தின் சாசனத்தில் எழுதப்பட்டது. நீதிமன்றமோ கவுன்ட்டிக் கணக்கு. கவுன்ட்டியின் செலவைக் கவனிக்க 1857-இல் 12 பேர் கொண்ட ஒரு மேற்பார்வை வாரியம் அமைத்தார்கள். ஆளுங்கட்சி எதிர்க்கட்சி தகராறே வேண்டாம் என்று, சட்டப்படியே ஆளுக்கு ஆறு இடம். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ட்வீட் என்ன செய்தார்... எதிர்த்தரப்பில் ஒரே ஒருத்தருக்கு 2,500 டாலர் கொடுத்து, முக்கியமான கூட்டத்தன்று வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆறுக்கு ஐந்து!

நீதிமன்றத்துக்கு 1858-இல் ஒதுக்கிய தொகை இரண்டரை லட்சம் டாலர். 1861-இல் வேலை ஆரம்பித்தது. பிறகு ஒரு பத்து லட்சம், அப்புறம் எட்டு லட்சம் என்று நிதி ஒதுக்கிக்கொண்டே போனார்கள். பளிங்குக் கல் வந்த மாசசூசெட்ஸ் குவாரி யாருடையது? ட்வீடுடையது. ஏன் இத்தனை காலம் இழுக்கிறது என்று விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டி தன் அறிக்கையை அச்சடிக்கச் செலவு செய்தது 7,718 டாலர். அச்சகம் யாருடையது? அதையும் நான் சொல்ல வேண்டுமா?

பில்கள் வந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கார்வி என்று ஒரு பூச்சுவேலை கான்ட்ராக்டர். இரண்டு நாள் பூச்சுக்கு 1,33,187 டாலர் பில். பூசியதற்கு ஒரு தொகை, பூசியதைச் சரிசெய்ததற்கு அதைவிடப் பெரிய தொகை. எல்லாம் கூட்டினால் 28,70,464 டாலர் 6 சென்ட். அந்த ஆறு சென்ட்டையாவது தர்மத்துக்குக் கொடுக்கக்கூடாதா என்று 'நியூயார்க் டைம்ஸ்' நக்கலடித்தது. மரவேலையே அதிகம் இல்லாத கட்டடத்தில் ஒரு தச்சருக்கு ஒரு மாதக் கூலி 3,60,751 டாலர். பதினோரு தெர்மாமீட்டர் 7,500 டாலர். 'துடைப்பம் முதலியன' என்று ஒரு வரி... 41,190 டாலர் 95 சென்ட். அந்த 95 சென்ட் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முழு எண்ணாக எழுதினால் சந்தேகம் வரும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்! ஒரு இத்தாலியப் பெயருக்குச் சுமார் 66,000 டாலருக்கு செக்குகள் போயிருந்தன. பின்பக்கம் கையெழுத்து போட்டவரின் பெயர் 'பிலிப் டம்மி'. நிஜமாகத்தான்.

இந்த கான்ட்ராக்டர்கள் எல்லோரும் பிறவித் திருடர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வேலையை ஒழுங்காகச் செய்து, ஒழுங்கான பில் கொடுத்தவர்களின் காகிதம் மேஜையில் தூங்கியது. பணம் வேண்டுமானால் தொகையைக் கூட்டி எழுதிக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார்கள். முதலில் நூற்றுக்குப் பதினைந்து கூட்டச் சொன்னார்கள். பிறகு முப்பத்தைந்து. கடைசியில் பில் தொகையில் 65 சதவிகிதம் மேலே போனது. வேலை செய்தவர் கையில் நின்றது முப்பத்தைந்து. ட்வீடுக்குச் சுமார் கால் பங்கு, கணக்குத் துறைத் தலைவர் கொனலிக்கு ஐந்தில் ஒன்று என்று, கோயில் பிரசாதம் மாதிரி முறைவைத்துப் பிரித்துக்கொண்டார்கள்.

டெண்டர் பெட்டியைப் பூட்டி அதன்மேல் பத்து முத்திரை வைத்தாலும் கடைசியில் பில்லில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருத்தர் இருக்கிறார். ட்வீட் குறிவைத்தது அந்தப் பேனாவைத்தான். 1870-இல் மாநில சட்டசபையில் பணத்தை வாரி இறைத்து நியூயார்க்குக்குப் புதுச் சாசனமே வாங்கினார். நிலுவைப் பில்களைத் தணிக்கை செய்ய மூன்று பேர் கொண்ட ஒரு தனி வாரியமும் வந்தது. மேயர் ஹால், கொனலி, மூன்றாவதாக ட்வீட்! அந்த வாரியம் 1870 மே 5-ஆம் தேதி கூடியது. ஒரே ஒரு தடவைதான் கூடியது. அறுபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட பில்களை பாஸ் செய்தது. அதில் பத்தில் ஒன்பது பங்கு பொய் என்று பிற்பாடு கணக்குப் போட்டார்கள்.

இத்தனைக்கும் ஜனங்கள் ட்வீடை வெறுக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தன் பேட்டை ஏழைகளுக்குக் கரி வாங்க ஐம்பதாயிரம் டாலர் தூக்கிக் கொடுத்தார். வாங்கியவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். அது யார் வீட்டுப் பணம் என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பார்த்தவர்கள் மூன்று நாலு பேர்.

அதில் ஒருத்தர் கவுன்ட்டி ஆடிட்டர் வாட்சன். 1871 ஜனவரியில் பனிச்சறுக்கு வண்டி விபத்தில் செத்துப்போனார். கணக்கர் நாற்காலிகளில் ஆள் மாறியது. புதிதாக வந்த மாத்யூ ஓ'ரூர்க் என்பவர் லெட்ஜரைப் புரட்டினார். தலை சுற்றியது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரியில் காகிதம் வாங்கி, வரி வரியாக நகல் எடுத்தார். ஜிம்மி ஓ'பிரையன் என்ற முன்னாள் ஷெரிஃபும் தன் ஆளை வைத்து இன்னொரு நகல் எடுத்திருந்தார். இவர் ஒன்றும் புத்தர் இல்லை. தன்னுடைய பில் பாஸ் ஆகாத கோபம்! இரண்டும் 'நியூயார்க் டைம்ஸ்' மேஜைக்கு வந்து சேர்ந்தன.

1871 ஜூலையில் பத்திரிகை அந்தக் கணக்கை அப்படியே அச்சடித்தது. தேதி, பெயர், வேலை, தொகை. பெரிய தலையங்கமெல்லாம் அப்புறம்தான். ஆங்கிலத்தோடு ஜெர்மன் மொழியிலும் தனி இணைப்பு போட்டார்கள். வெளியிடாமல் இருக்க ஐம்பது லட்சம் டாலர் தருவதாகக் கொனலி பேரம் பேசியதைப் பத்திரிகை அதிபர் ஜார்ஜ் ஜோன்ஸ் பிறகு சொன்னார். இன்னொரு பக்கம் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் தாமஸ் நாஸ்ட் கார்ட்டூன் போட்டுத் தாளித்தார். என் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் பார்ப்பார்களே என்று ட்வீட் புலம்பியதாகச் சொல்வார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் காலையில் கொனலியின் அலுவலகத்தைத் திறந்தால், கண்ணாடி அலமாரி உடைந்து கிடக்கிறது. ஆயிரக்கணக்கான வவுச்சர்களைக் காணோம்! சாட்சியம் போய்விட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். வக்கீல் சாமுவேல் டில்டன் வேறு கதவைத் தட்டினார். கான்ட்ராக்டர்களும் ட்வீடும் கணக்கு வைத்திருந்தது ஒரே பிராட்வே பாங்கில். இன்ன தேதியில் கார்வி கணக்குக்கு இவ்வளவு வந்தது, அடுத்து ட்வீட் கணக்கில் இவ்வளவு ஏறியது என்று பாங்க் பேரேட்டை வைத்தே ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டார். அலமாரியை உடைத்தவர்களுக்குப் பாங்க் ஞாபகம் வரவில்லை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1873-இல் ட்வீடுக்குப் பன்னிரண்டு வருடத் தண்டனை. அப்பீலில் ஒரு வருடமாகக் குறைந்தது. வெளியே வந்ததும் சிவில் வழக்கில் மறுபடி சிறை. 1875 டிசம்பரில் தப்பி ஓடி, கியூபா வழியாக ஸ்பெயின் போனார். அங்கே நாஸ்ட்டின் கார்ட்டூனை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடித்தார்கள். 1877-இல், விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், யாருக்கு எத்தனை சதவிகிதம் என்பது உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தார். விடவில்லை. 1878 ஏப்ரலில் சிறையிலேயே இறந்தார். கொனலி வெளிநாட்டுக்கு ஓடிப்போனவர் திரும்பவே இல்லை. மேயர் ஹால் விடுதலை ஆகிவிட்டார். போன பணத்தில் பத்து லட்சம் டாலர்கூடத் திரும்பவில்லை.

கட்டடம் 1881-இல்தான் முடிந்தது. மொத்தச் செலவை ஒரு கோடியே பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் வரை பலவிதமாகச் சொல்கிறார்கள். ஒப்பிட வேண்டுமானால், ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா முழுவதையும் அமெரிக்கா 1867-இல் வாங்கிய விலை 72 லட்சம். இன்றும் சேம்பர்ஸ் தெருவில் அது நிற்கிறது. 1970-களில் இடித்துவிடலாமா என்று பேசிப் பிறகு விட்டுவிட்டார்கள். எட்டுக் கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்து, 2002-இல் நகரத்தின் கல்வித் துறையை அங்கே குடியேற்றினார்கள்.

ட்வீடின் வழக்கு விசாரணை நடந்ததும் அந்தக் கட்டடத்தில்தான். இன்னும் வேலை முடியாமல் கிடந்த ஒரு அறையில்!